பரணில் இருந்த வீடு

பம்பாயில் நான் போய் நின்ற எந்த வீட்டு வாசலிலும் யாரும் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டதில்லை. வாடகை வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் பெய்லிஃபாக இருந்தேன். ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு அமீனா என்றால் சட்டென்று புரியும். சம்மன் கொடுப்பது, நீதிபதி சொன்னால் சர்ச்சைக்குரிய வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது, தீர்ப்பு வந்த பிறகு குடியிருப்பவர்களை வெளியேற்றி வீட்டுக்காரர் கையில் சாவியைக் கொடுப்பது, இவைதான் என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது உத்தியோகத்தை விசாரித்தால் "கோர்ட்டில் இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பந்தியில் ஓர் இலை தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நிலேஷ் சமீபத்தில் போன் செய்தான். பழைய கட்டடம் ஒன்றில் குடியிருப்பவர் உண்மையிலேயே அங்கே வாழ்கிறாரா, பூட்டிப் போட்டிருக்கிறாரா என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். மொபைலில் வீடியோ எடுத்துக் கொடுத்தால் போதாதா, இன்னும் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமா என்று கேட்டான். வீடியோ எடு, ஆனால் பரணைத் திறந்து பார் என்றேன். சிரித்தான். வயசாகிவிட்டது, ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருப்பான். போனில் விளக்குகிற விஷயமில்லை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பம்பாயின் பழைய கட்டடங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களை வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது. வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. காலி செய்யச் சொல்வதற்கு இன்னின்ன காரணங்கள்தான் செல்லும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்காரனெல்லாம் ராட்சசன், குடித்தனக்காரனெல்லாம் அப்பாவி என்று பேசுகிறவர்கள் எங்கள் கோர்ட் வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வருகிற வாடகையில் ஒழுகும் கூரையைக்கூடச் சரிசெய்ய முடியாத வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். வேறிடத்தில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு, பழைய வீட்டை விட மனசில்லாமல் பூட்டி வைத்திருந்த குடித்தனக்காரர்களையும் தெரியும். அப்படிப் பூட்டி வைப்பதும் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று. வழக்குக்கு முந்தைய ஆறு மாதம் தக்க காரணமில்லாமல் வீட்டைப் பயன்படுத்தாமல் விட்டால் வீடு கையை விட்டுப் போகும்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், தெருவில் ஹிந்தி படித்தேன், வேலைக்காக மராத்தி படித்தேன். நிஜமாகப் படித்தது கானேகர் சாஹேப்பிடம்தான். எங்கள் பிரிவின் தலைவர் அவர். ஒல்லியான மனிதர். எந்தப் பருவத்திலும் கையில் குடை இருக்கும். வேலையாகப் போன வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தக் குடத்தையே எப்படி வெளியே எடுத்து வைக்கச் சொல்வது என்பார்.

நாங்கள் எழுதும் அறிக்கைகளை அவர் எதிரே நின்று உரக்கப் படிக்க வேண்டும். கையில் சிவப்புப் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருப்பார். "அழுக்கான சமையலறை" என்று நான் படித்தால் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி "அழுக்கான" என்பதை அடிப்பார். அழுக்கு என்று உன் பெண்டாட்டி சொல்லலாம், நீ கண்டது என்ன, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கா, தரையில் தண்ணீரா, அதை எழுது என்பார். கண்டது மட்டும்தான் அறிக்கை. நினைத்தது, ஊகித்தது, இரக்கப்பட்டது எதற்கும் அதில் இடமில்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். என் அறிக்கைகள் அவர் மேஜையிலிருந்து திரும்பும்போது சிவந்து கிடக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் அவர் கறாராக இருந்தார். வீட்டைப் பார்வையிடப் போகும் இடத்தில் இரு தரப்புக்கும் தெரிந்த மொழியில்தான் பேச வேண்டும். குடியிருப்பவர் தமிழர், நானும் தமிழன் என்பதற்காகத் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு அறிக்கையைக் குப்பையில் போட வைப்பார். மற்றது, வெளியேற்றப் போகிற வீட்டில் அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருந்தால் அது இறங்குகிற வரைக்கும் ஒரு சாமானையும் தொடக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. கானேகரின் சொந்தச் சட்டம்.

அந்தச் சட்டத்தைத் தாராவியில் ஒரு குடும்பம் கண்டுபிடித்துவிட்டது. மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர், தோல்பை தைப்பவர். வரிசை வீடுகளில் ஒன்றில் அவர் அப்பா காலத்திலிருந்து குடியிருந்தார்கள். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம், இடம் வேண்டும் என்பது வழக்கு. மேல்முறையீடு வரைக்கும் போய்த் தோற்றாகிவிட்டது. நாங்கள் காலையில் போனபோது அவர் மனைவி அடுப்பில் ஆட்டுக்கால் வேகவைத்திருந்தார். கானேகர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானமாயிற்று. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊற்றும் சத்தம். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் முன்னால் நடந்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கானேகர் குடைக்கைப்பிடியில் தாடையை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்த பிறகு யாரையும் வீட்டை விட்டு இறக்குவதில்லை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். வெயில் எதிர்ச் சுவரை விட்டு இறங்கியதும் கானேகர் எழுந்தார். அடுப்பில் பாத்திரம் இருந்தது, சூரியன் மறைந்தது, திரும்பினோம் என்று எழுதச் சொன்னார். மைதீன் பாய் தலையைக் குனிந்தபடி நின்றார். "இன்னொரு நாளும் இதே பாத்திரம்னா நான் காத்திருக்க மாட்டேன் பாய். உங்களுக்குப் போக ஒரு இடம் பாக்கத்தான் இன்னிக்கு உக்காந்தேன்" என்று கானேகர் அவரிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது வாசல் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. தையல் மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டங்கள். வீட்டைப் பெருக்கி, கழுவி, துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாளியைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த அம்மா. கோர்ட் எடுத்துக்கொள்ளப் போகிற வீட்டை எதற்கம்மா துடைத்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. துடைத்து வைத்த வீட்டைக் கண்டால் அன்றிலிருந்து எனக்கு ஆகாது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் போயாயிற்று.

இது தெரிந்தால்தான் செல்லம்மாள் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஏன் பகீரென்றது என்பது புரியும்.

மாட்டுங்காவில் மார்க்கெட்டை ஒட்டி ஒரு பழைய கட்டடம். இரண்டாம் மாடியில் இரண்டு அறை. செல்லம்மாளின் கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கீழே தேங்காய், வாழையிலைக் கடை வைத்திருந்தவர். அவர் காலமாகிக் கடையும் கைமாறிவிட்டது. ஒரே மகன் மான்குர்த்தில் சின்ன பிளாட்டில் இருந்தான். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். செல்லம்மாள் காலையில் குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, குர்லாவில் ரயில் மாறி மான்குர்த் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இருட்டும்போது மாட்டுங்கா திரும்புவார். மகன் அங்கேயே தங்கச் சொல்வானாம். நான்கு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாத வீட்டில் ஐந்தாவதாக எங்கே படுப்பது என்று கேட்பாராம்.

கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு எண்ணம். அந்த மாடியில் மற்றவர்கள் பேசி முடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். செல்லம்மாள் போகவில்லை. அந்த அம்மாள் மகனோடு வாழ்கிறாள், இங்கே பூட்டுத்தான் தொங்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். பகலில் பூட்டு தொங்கியது உண்மை. கீழேயிருந்த கடைக்காரர்கள் பகலில்தான் இருப்பார்கள், அவர்கள் பார்த்ததை வந்து சொன்னார்கள். மாடியில் ராத்திரி விளக்கெரிந்ததைச் சொல்ல அக்கம்பக்கத்தில் குடித்தனமே மிஞ்சவில்லை. ஒற்றை பல்பைப் போட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிடுகிறவருக்குக் கரண்ட் பில்லும் உதவவில்லை. சட்டப்படி கணக்கு என்னவோ வழக்குக்கு முந்தைய ஆறு மாதம்தான். ஆனாலும் இரு தரப்பும் நேரெதிராகச் சத்தியம் செய்கையில், இப்போது அங்கே அவர் வாழ்கிறாரா என்று பார்த்தாலாவது யார் பேச்சை நம்புவது என்று தெரியும் என நீதிபதி நினைத்தார். நாள் குறித்து இரு தரப்புக்கும் தெரிவித்துவிட்டு என்னை அனுப்பினார்கள்.

நாள் குறித்ததுதான் வினையாகப் போயிற்று.

வீட்டுக்காரரின் வக்கீல், தெருவிலிருந்து கூட்டி வந்த இரண்டு சாட்சிகள், நான். செல்லம்மாளின் வக்கீல் வரவில்லை, ஜூனியரையும் அனுப்பவில்லை. வாசலில் பெரிய கோலம். செல்லம்மாள் பட்டுப்புடவை கட்டி, எண்ணெய் தடவித் தலைவாரி, நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி நம்ம பக்கமா? வாங்க, வாங்க. ஆபீசர் வாராருன்னு சொன்னாவ, நான் யாரோன்னு பயந்துட்டேன்."

வக்கீல் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஹிந்தியில், ஹிந்தியில் பேசுங்கள் அம்மா என்றேன். அந்த முகம் சுருங்கியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவன் சொந்தக்காரனில்லை, கோர்ட்டுக்காரன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆவோ சாப், பைட்டோ" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் நாற்காலியைக் காட்டினார்.

உள்ளே நுழைந்தேன். மைதீன் பாயின் வீடு என் முன்னால் நின்றது. தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அடுப்பைத் துடைத்து மேலே ஒரு துண்டு விரித்திருந்தது. வாளி கவிழ்ந்திருந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. பாய் இல்லை, தலையணை இல்லை. தண்ணீர்ப் பானையைக்கூடக் காணவில்லை. பாத்திரங்கள் அலமாரியில் வரிசையாகக் கவிழ்ந்து மின்னின. பம்பாய் வீடுகளில் மனிதன் இருந்தால் இருக்கும் எதுவும் அங்கே இல்லை. செருப்பு ஒரு ஜோடிகூட வாசலில் இல்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெரிய ஆபீசர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றதும் இந்த அம்மாள் விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டை ஒழித்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் நம் பெண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறார். அவர் எந்த வீட்டில் வாழ்கிறார் என்று காட்ட வேண்டிய நாளில், வாழ்ந்ததற்கான அடையாளத்தையெல்லாம் ஒன்று விடாமல் துடைத்துவிட்டார். மரியாதைக்காகச் செய்தது. அந்த மரியாதை எனக்கு.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, உங்க சாமானெல்லாம் எங்க?" என்று தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வக்கீல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் அறிக்கை அன்றைக்கே செத்திருக்கும், அதோடு வீடும் போயிருக்கும். பேனாவை எடுத்தேன். வக்கீல் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, நானும் பார்த்துப் பார்த்து எழுதினேன். கொடியில் துணி இல்லை. அடுப்பு சூடாக இல்லை. படுக்கை காணப்படவில்லை. எல்லாம் கண்டதுதான். ஒரு பொய் கிடையாது. செல்லம்மாள் நான் எழுதுவதைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்றார். வீடு சுத்தமாக இருக்கிறது என்று எழுதுகிறேன் என நினைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சமையலறைக்கு மேலே மரக்கதவு போட்ட பரண் ஒன்று இருந்தது. இடமில்லாத ஊரில் பரணில்லாத வீடு கிடையாது. திறந்து பார்க்க வேண்டும் என்பது முறை. நான் வாயெடுப்பதற்குள் செல்லம்மாள் என் பார்வையைக் கண்டுகொண்டு குறுக்கே வந்தார். சிரிப்பு போய்விட்டது. ஹிந்தியும் போய்விட்டது.

"அத மட்டும் வேண்டாம் தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அத மட்டும் தொறக்கச் சொல்லாதீய."

அவர் சொன்னதை வக்கீலுக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, பார்க்க வேண்டும். எதையோ மறைக்கிறாள், மகன் வீட்டு விலாசம் போட்ட பெட்டியாகத்தான் இருக்கும், திறந்தே ஆக வேண்டும், திறக்க மறுத்தாள் என்றும் எழுதுங்கள் என்று குதித்தார். சாட்சிகளில் ஒருவரை நாற்காலி மேல் ஏறச் சொன்னார். செல்லம்மாள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

பரண் கதவு திறந்ததும் முதலில் ஓர் ஈரப் புடவை சரிந்து சாட்சியின் தோளில் விழுந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கியது. ஈரப் பாவாடை, துவாலை. சுருட்டித் திணித்த பாய், எண்ணெய்க் கறை பிடித்த தலையணை. தண்ணீரில் போட்ட பழைய சோறு ஒரு சட்டியில். பாதி நறுக்கிய வெண்டைக்காய் தட்டோடு. பல்பொடி, தலைவலித் தைலம், தேய்ந்த ரப்பர் செருப்பு. கடைசியில் ஒரு தூக்குப் பாத்திரம். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு பரண் பலகையில் வழிந்திருந்தது. புளித்த மாவின் வாசனை அந்தத் துடைத்த வீடு முழுக்கப் பரவியது.

ஒவ்வொன்றையும் எழுதினேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினால் கானேகர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். எழுத்து கோணலாக விழுந்தது, அது கண்டது. வக்கீல் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டார். செல்லம்மாள் நாங்கள் கிளம்பும் வரைக்கும் சுவரை விட்டுத் திரும்பவேயில்லை.

மறுநாள் கானேகர் எதிரே நின்று அறிக்கையைப் படித்தேன். சிவப்புப் பென்சில் ஓரிடத்தில் நின்றது. "குடியிருப்பவர் பரணைத் திறக்க வெட்கப்பட்டு மறுத்தார்" என்று எழுதியிருந்தேன்.

"வெட்கத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சாஹேப்."

பென்சிலை அந்த வார்த்தையின் மேல் வைத்தார். பிறகு எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். மனசைப் பற்றி நான் எழுதியதில் அவர் அடிக்காமல் விட்ட ஒரே வார்த்தை அதுதான்.

நீதிமன்றத்தில் வக்கீல் லேசில் விடவில்லை. எல்லாம் அன்றைக்குக் காலையில் மான்குர்த்திலிருந்து கொண்டு வந்து வைத்தவை, ஜோடனை என்று வாதாடினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"காட்டுவதற்காகக் கொண்டு வந்தவள் எதற்காக ஒளித்து வைத்தாள்? இதில் வெட்கப்பட்டாள் என்று எழுதியிருக்கிறதே, ஜோடித்தவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அறிக்கை செல்லம்மாளுக்குப் புரியவில்லை என்றதும், சாமான் பட்டியலை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றும் அவருடையதுதானா என்று கேட்கும்படி நீதிபதி எனக்கே உத்தரவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் பேசத் தடையாக இருந்த தமிழை நிறைந்த கோர்ட்டில் பேசினேன். ஈரப் புடவை ஒன்று. ஈரப் பாவாடை ஒன்று. பழைய சோறு ஒரு சட்டி. பின்வரிசையில் யாரோ தமிழ் தெரிந்தவர்கள் கொக்கரித்தார்கள். செல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றார். சத்தம் வரவரக் குறைந்துகொண்டே போயிற்று. பாவாடை யாருடையது என்று கேட்கும்போது எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வழக்கு தள்ளுபடியாயிற்று. வீடு நின்றது. வராந்தாவில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் செல்லம்மாள் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

"வீடு கெடச்சிட்டு தம்பி, இல்லேன்னு சொல்லல. ஆனா நாலு பேரு முன்னால எம் பாவாடைய விரிச்சிட்டீயளே. ஒரு பொம்பள இருக்காளா இல்லியான்னு தெரிஞ்சுக்கிட இதத்தான் பாக்கணுமா?"

நான் எழுதியது எல்லாம் சட்டப்படி சரி. எழுதாமல் விட்டிருந்தால் அவர் தெருவுக்கு வந்திருப்பார். அந்த வீட்டில் அவர் கடைசி வரைக்கும் இருந்தார். மார்க்கெட்டில் எதிரே பார்த்தால் வெற்றிலைக் கடைப்பக்கம் திரும்பிக்கொள்வார். பாதுகாப்பு என்று சட்டம் கொடுக்கிறதே, அதை இப்படி விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது கோபமாக வரும். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நானும் மனைவி கோமதியும் செம்பூரில் வாடகைக்கு வந்தோம். பழைய சட்டத்தின் பாதுகாப்பு இந்த வீட்டுக்குக் கிடையாது. லீவ் அண்ட் லைசன்ஸ் என்று பெயர். பதினோரு மாதம் இருக்கலாம், அப்புறம் வீட்டுக்காரர் மனசு வைத்தால் இன்னொரு பதினோரு மாதம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, நிரூபிக்க வேண்டியதில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கூடாது என்று கட்டடத்தை நிர்வகிக்கும் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வயதில் இன்னொரு வீடு தேடுவதை நினைத்தால் கோமதிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிடும். வயதானவர்களுக்கு வீடு கொடுக்க இப்போது யோசிக்கிறார்கள்.

நிலேஷ் போன் செய்த அந்த வாரம் எங்கள் வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன், தங்கமானவன். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதுப்பிப்பதைப் பற்றிப் பேச வருகிறேன் என்றிருந்தான். நான் கீழே பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் கோமதி தரையைத் துடைத்திருந்தாள். அடுப்பு மேல் துண்டு விரித்திருந்தாள். என் ஈரத் துவாலையைக் காணவில்லை. மருந்து டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு, நான் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருந்த பேப்பர் எதுவும் இல்லை. எல்லாம் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பரண் உண்டு.

பையன் வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அறை அறையாக எட்டிப் பார்த்தான். எதையும் குறை சொல்லவில்லை. இன்னொரு பதினோரு மாதம் இருந்துகொள்ளுங்கள் என்றான். கோமதி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, மனசாரச் சொன்னான்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். இங்க யாரும் இருக்கிற மாதிரியே தெரியல. அப்படி வச்சிருக்கீங்க."

கதவைச் சாத்திவிட்டு நடுவீட்டில் நின்றேன். கொடியில் துணி இல்லை. அடுப்பு சூடாக இல்லை. படுக்கை காணப்படவில்லை. என் பெண்டாட்டி எனக்கு எதிரே நின்று, வீடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். செல்லம்மாளின் அதே சிரிப்பு.

"கோமதி, எதையாவது அடுப்பில வை" என்றேன்.

"இப்பத்தான தொடச்சேன். பசிக்குதா?"

"பசியில்ல. சும்மா கொதிக்கட்டும், வை."

ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே அவள் தண்ணீர் வைத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து என் ஈரத் துவாலையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டேன்.